இரண்டாவது லைனில் மூன்றாவது எதிராளி

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு நான் அம்மாவைப் போனில் அழைத்து, பதினொரு மணி வரைக்கும் அப்பாவை வீட்டில் இருக்க விடாதே என்றேன். அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். உதறும் சத்தம் கேட்டது. ஒரு உதறல், ஒரு மௌனம், இன்னொரு உதறல்.

"அவரு என்ன நாய்க்குட்டியா, கயித்தக் கட்டி இழுத்துட்டுப் போக? என்ன விஷயம்?"

"இன்னிக்கு எங்க நிகழ்ச்சியில குத்துச்சண்டை சாம்பியனப் பத்திப் பேசறாங்கம்மா. அவர் மொத அஞ்சு டைட்டில் சண்டையில யார் யாரோட ஆடினாரு, அவங்கள்லாம் உருப்படியான ஆளுங்களா, இல்ல சும்மா பொறுக்கி எடுத்த ஆளுங்களான்னு."

உதறல் நின்றது. அம்மா மனதுக்குள் விரல்விட்டு எண்ணுவது எனக்குத் தெரிந்தது.

"மூணாவது வருமே."

"வரும்."

"நீ பாக்கற வேலையில உனக்கு வேற தலைப்பே கெடைக்கலயா?"

"தலைப்ப நான் வைக்கறதில்லம்மா. வர்ற போன எடுக்கறதுதான் என் வேலை."

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். அத்தை வீட்டுச் சமையலறைக் குழாய் ஒரு வாரமாக ஒழுகுகிறது, அண்ணன் வந்து பார்க்கவே இல்லை என்று அத்தை குறைபட்டுக்கொண்டிருக்கிறாள், அங்கே அனுப்பிவிடுகிறேன் என்றாள். அப்பா குழாயைத் தொட்டால் ஒரு மணி நேர வேலை மூன்று மணி நேரம் ஆகும் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு மூச்சு வந்தது. போனை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

நான் வேலை செய்யும் இடம் வானொலி நிலையத்தின் மூன்றாவது மாடியில், ஒலிபரப்பு அறைக்குப் பக்கத்தில், ஒரு கண்ணாடிக்கு இந்தப் பக்கம். மேசை, நாற்காலி, நான்கு தொலைபேசி லைன்கள், ஒரு திரை. அழைப்பவரிடம் நான் மூன்று கேள்விகள் கேட்பேன். பெயர் என்ன, எங்கிருந்து பேசுகிறீர்கள், என்ன சொல்லப்போகிறீர்கள். மூன்றையும் திரையில் தட்டுவேன். நான்காவதாக ஒரு கட்டம் உண்டு. அது அழைப்பவருக்குத் தெரியாது. அதில் நான் "நம்பலாம்" என்றோ "கவனம்" என்றோ போட வேண்டும். கவனம் என்றால் இவர் கெட்ட வார்த்தை பேசக்கூடும், அழக்கூடும், யார் பெயரையாவது இழுக்கக்கூடும் என்று அர்த்தம். நான்கு கட்டமும் நிரம்பிய பிறகு பச்சைப் பொத்தானை அழுத்தினால், அந்த ஆள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் திரையில் தோன்றுவார். மூன்று வருடங்களாக ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது பேர். நான்காவது கட்டத்தை முடித்ததும் விரல் தானாகவே பச்சைக்குப் போய்விடும். படியிறங்கும்போது கால் அடுத்த படியைத் தேடுவதைப் போல.

இன்னொரு பொத்தானும் என்னிடம் இருந்தது. சிவப்பு. நாங்கள் பேசுவது எதுவும் உடனே வெளியே போவதில்லை. ஏழு நொடி இயந்திரத்துக்குள் தங்கிவிட்டுத்தான் போகும். அந்த ஏழு நொடிக்குள் சிவப்பை அழுத்தினால் பேசிய பேச்சு உலகத்துக்குக் கேட்காது. அழைப்பவர்களிடம் "உங்க ரேடியோவ அணைச்சுடுங்க" என்று நான் கெஞ்சுவதும் இதனால்தான். அணைக்காவிட்டால் ஏழு நொடிக்கு முந்தைய பேச்சு அவர்கள் காதில் விழுந்து, குழம்பிப்போய், "ஹலோ ஹலோ" என்று கத்துவார்கள்.

பத்து மணிக்கு நிகழ்ச்சி தொடங்கியது. தொகுப்பாளரை நாங்கள் மணிக்குரல் என்போம். அவர் தேநீர் கேட்டால்கூடத் தேர்தல் முடிவு அறிவிப்பதைப் போல இருக்கும். அவருக்கு இடப்பக்கம் புள்ளிவிவரம் உட்கார்ந்திருந்தார். நாற்பது வருடமாக விளையாட்டுப் பக்கத்தில் எழுதுபவர். ஒரு தோல்பையிலிருந்து காகிதங்களை எடுத்து மேசை விளிம்புக்கு நேராக அடுக்கினார். வலப்பக்கம் கோச். சாம்பியன் பத்தொன்பது வயதில் முதன்முதலில் கையுறை மாட்டிய பயிற்சிக்கூடத்தில் அன்றைக்குத் தரை துடைத்துக்கொண்டிருந்தவர், பிறகு அதே கூடத்தின் தலைமைப் பயிற்சியாளர். முந்தின நாள்தான் குத்துச்சண்டைச் சங்கம் எல்லாக் காலத்துக்குமான வீரர்கள் பட்டியலை வெளியிட்டு, சாம்பியனை முதலிடத்தில் வைத்திருந்தது. புள்ளிவிவரத்துக்கு அது பொறுக்கவில்லை.

"அவர் பெரிய வீரர்தான். நான் மறுக்கல. ஆனா பட்டம் ஜெயிச்ச மொத ரெண்டு வருஷம் யாரோட ஆடினாரு? அதச் சொல்லுங்க. மொத ஆளுக்கு முப்பத்தொம்பது வயசு. அதுக்கு முன்னாடி ஆடின அஞ்சுல நாலு தோல்வி. ரெண்டாவது ஆளுக்கு ஒரு கண்ணுல பார்வை கொறைவு, அத மறைச்சு ஆடினான். நாலாவது ஆள் கீழ் எடைப் பிரிவுலேருந்து சாப்பிட்டுச் சாப்பிட்டு மேல வந்தவன். அஞ்சாவதுதான் ஆளு. அதுவரைக்கும் எல்லாமே மணல் மூட்டை."

மூன்றாவதை விட்டுவிட்டார் என்று ஒரு கணம் நினைத்தேன். என் பேனா மூடியில் பல் பதிந்திருந்தது.

"மூணாவத விட்டுட்டீங்களே" என்றார் மணிக்குரல்.

"அத தனியா சொல்லணும்னுதான் விட்டேன்."

கோச் குறுக்கே பாய்ந்தார். "சார், அந்தந்தக் காலத்துல யார் இருந்தாங்களோ அவங்களோடதானே ஆட முடியும்? செத்துப்போனவங்களோடயா ஆடுவாரு? இல்ல, பொறக்கப்போறவங்களுக்காகக் காத்திருக்கச் சொல்றீங்களா?"

லைன்கள் எரியத் தொடங்கின. ஒரு பெரியவர், அந்த ஐந்து பேரில் நான் இருந்திருந்தால் எட்டு ரவுண்டு நின்றிருப்பேன் என்றார். "நிக்கறதுக்கு உங்க முட்டி ஒத்துக்குமா ஐயா?" என்று கேட்டேன். ஒத்துக்காது, உட்கார்ந்து சொல்கிறேன் என்றார். நம்பலாம், பச்சை. ஒரு தையல்காரம்மா, கல்யாணமான புதிதில் புருஷன் கூட்டிப்போன ஒரே வெளியிடம் அந்த இரண்டாவது சண்டைதான், இரண்டு ரவுண்டில் முடிந்துவிட்டது, அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது என்றார். சண்டை மேலயா, புருஷன் மேலயா? "ரெண்டு மேலயும்." கவனம், பச்சை.

மூன்றாவது ஆளைப் பற்றிப் புள்ளிவிவரம் பத்து இருபதுக்குச் சொன்னார். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கும் வேலையில் இருந்தவன். ஆட வேண்டிய ஆளுக்குத் தோள் விலகிவிட்டதால், சண்டைக்குப் பதினொரு நாள் இருக்கும்போது பிடித்து வந்தார்கள். மூன்று ரவுண்டு ஓடி ஓடி ஆடினான். நான்காவதில் ஒரு குத்து. விழுந்தான். "அந்தக் குத்த நான் நூறு தடவ பாத்துட்டேன். ஒரு எருமைய எழுப்பக்கூட அது போதாது. ஒண்ணு, அந்த ஆளு அவ்வளவு பலவீனமானவன். இல்ல, விழுந்த எடத்துலயே படுத்துக்கிட்டான். எதுவா இருந்தாலும் அந்த வெற்றிக்கு என்ன மதிப்பு?"

அந்தப் படத்தை நானும் பார்த்திருக்கிறேன். நூறு தடவை இல்லை, ஐந்தாறு தடவை, வீட்டில் யாரும் இல்லாதபோது. பள்ளிக்கூடத்தில் எட்டாவது படிக்கையில் ஒருத்தி என்னிடம், "உங்கப்பா ஜெயிக்க மாட்டோம்னு தெரிஞ்சு படுத்துக்கிட்டாராமே" என்றாள். நான் அவள் சாப்பாட்டு டப்பாவைத் தட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அம்மா சிரிக்காமல் சொன்னாள்: "உங்கப்பா எங்க படுத்தாலும் கொறட்ட விடுவாரு. அன்னிக்கு விடல. அதனால படுக்கல." அதற்குமேல் கேட்கக் கூடாது என்பது அந்தப் பதிலிலேயே இருந்தது. அப்பாவிடம் நான் கேட்டதே இல்லை. அவரும் சொன்னதில்லை. கேட்காமல் இருப்பது எங்கள் வீட்டில் ஒரு நாற்காலியைப் போல. எல்லோரும் இடித்துக்கொள்ளாமல் சுற்றிப் போகப் பழகியிருந்தோம்.

அவர் இன்னமும் அதே சலவைக்கூடத்தில்தான் இருக்கிறார். இப்போது உலர்த்தும் பகுதிக்கு மேற்பார்வையாளர். அங்கே எல்லோரும் அவரை "நாலு ரவுண்டு" என்றுதான் கூப்பிடுவார்கள். கேலியாக இல்லை. சாம்பியனோடு நான்கு ரவுண்டு நின்ற மனிதர் நமக்கு மேற்பார்வையாளர் என்று புதிதாகச் சேருபவர்களிடம் சொல்வார்கள். ஒருமுறை நான் அவருக்கு மருந்து கொடுக்கப் போனபோது, நீராவிக்கு நடுவே ஒருவர், "நாலு ரவுண்டு அண்ணே, பொண்ணு வந்திருக்கு" என்று கத்தினார். அப்பா திரும்பிய விதம், தோளைக் கொஞ்சம் உயர்த்தி, முகவாயை இறக்கி, வீட்டில் நான் பார்க்காத ஒரு விதம். அந்த ஒரு பெயர்தான் அவருக்கு அந்தச் சண்டை கொடுத்தது. அது போய்விடுமோ என்றுதான் காலையில் அம்மாவை அழைத்தேன்.

பத்து முப்பத்தைந்துக்கு இரண்டாவது லைன் எரிந்தது. எடுத்தேன்.

"வணக்கம், நிகழ்ச்சியில கலந்துக்க விரும்பறீங்களா?"

"சொல்லுங்க" என்றது குரல்.

தானே போன் செய்துவிட்டு, எடுத்தவரிடம் "சொல்லுங்க" என்று சொல்லும் ஒரே மனிதரை எனக்குத் தெரியும். பின்னால் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் பின்னால், ஏழு நொடி தாமதமாக, புள்ளிவிவரத்தின் குரல். அத்தையின் சமையலறை. அங்கே கண் விழித்ததிலிருந்து படுக்கும்வரை ரேடியோ ஓடும், ஓடுவது எங்கள் நிலையம்தான், அண்ணன் மகள் வேலை பார்க்கும் நிலையமாயிற்றே என்று அத்தை வேறெதையும் வைக்க விடமாட்டாள். இது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். எந்தக் குரலிலிருந்து அவரை மறைக்கப் பார்த்தோமோ, அதற்கு நேர் கீழே குழாய்ச்சாவியைக் கையில் கொடுத்து உட்கார வைத்திருக்கிறோம்.

அவர்தான் மறுபடி பேசினார்.

"மேடம், ரேடியோல பேசணும். அதுக்கு என்ன பண்ணணும்?"

மேடம். வீட்டில் நான் பாப்பா. இந்த நிலையத்தில் போன் எடுப்பது நான்தான் என்று அவருக்குத் தெரியும். என் குரல் தெரியும். அவர் குரல் எனக்குத் தெரியும் என்பதும் தெரியும்.

"உங்க ரேடியோவ அணைச்சுடுங்க" என்றேன். வாய் தன் வேலையைச் செய்தது.

செருப்புச் சத்தம் போய், திரும்பி வந்தது. புள்ளிவிவரம் மறைந்தார். தண்ணீர் மட்டும் சொட்டியது.

"பேர் சொல்லுங்க."

"பேர் வேணாம். மூணாவது எதிராளின்னு போட்டுக்கங்க."

"எங்கேருந்து பேசறீங்க?"

"தங்கச்சி வீட்டுலேருந்து."

"என்ன சொல்லப்போறீங்க?"

இந்தக் கேள்வியை மூன்று வருடத்தில் எத்தனை ஆயிரம் பேரிடம் கேட்டிருப்பேன். வீட்டில் இருபத்தாறு வருடத்தில் ஒருமுறைகூடக் கேட்க முடியாத கேள்வி அது. கேட்ட பிறகுதான் கேட்டுவிட்டேன் என்று உறைத்தது.

"இப்பவே சொல்லணுமா?"

"ஆமா. சொன்னாத்தான் உள்ள அனுப்புவோம்."

"சரி" என்றார். மூச்சை இழுத்துவிட்டார். இடது காது அவருக்குச் சரியாகக் கேட்காது, போனை வலது காதில் அழுத்திப் பிடித்திருப்பார், மற்ற கையில் குழாய்ச்சாவி இருக்கும். "நாலாவது ரவுண்டு. காதுக்குக் கீழ ஒண்ணு விழுந்துச்சு. நல்ல குத்து மேடம். அந்த சார் சொல்றாப்புல இல்ல. அந்த சாருக்கு அது விழல, எனக்குத்தான விழுந்துச்சு. கீழ போயிட்டேன். நடுவர் மூணு எண்ணும்போதே எனக்கு எல்லாம் தெளிஞ்சிடுச்சு. அவரோட ஷூவுல ஒரு பக்கம் லேஸ் அவுந்து கெடந்தது, அதக்கூடப் பாத்தேன். காலு என்னோடதுதான், கையி என்னோடதுதான். எழுந்திரிக்கலாம். ஆறு எண்ணறப்ப, ஏழுல எழுந்திரிக்கலாம்னு இருந்தேன். ஏழு வந்ததும் எட்டுல. காலைல அலாரம் அடிச்சா இன்னும் அஞ்சு நிமிஷம்னு படுப்போம் பாருங்க, அந்த மாதிரி. யாரும் சொல்லிப் படுக்கல. யாருக்காகவும் படுக்கல. அங்க கீழ, எப்படிச் சொல்றது, அங்க யாரும் அடிக்கல மேடம்."

"அப்புறம்?"

"அப்புறம் பத்து."

நான் எதையும் தட்டாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோச் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல் பார்த்தால் தொட்டிக்குள் நீந்தும் மனிதர் போலிருந்தது.

"இதையா சொல்லப்போறீங்க?" என்றேன்.

"ஆமா. அந்த சார் மணல் மூட்டைன்னாரு. மணல் மூட்டையால எழுந்திரிக்க முடியாது. என்னால முடிஞ்சுது. நான் எழுந்திரிக்கல. ரெண்டும் வேற வேற."

அவர் குரலில் வெட்கமில்லை. தராசு சரியில்லை என்று கடைக்காரரிடம் பொறுமையாகச் சொல்பவரின் குரல். இத்தனை வருடம் நாங்கள் எதை மூடி வைத்தோமோ, அது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அவரைச் சுட்டது வேறொன்று. வேண்டாம் என்று இருந்தவன் என்று உலகம் சொன்னால் அவரால் தாங்க முடியும். முடியாதவன் என்று சொன்னால்தான் தாங்க முடியாது. ஆனால் உலகம் அதை எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியும். அதுதானே என் தொழில். நாளைக்குக் காலையில் நீராவிக்கு நடுவே அவர் நுழையும்போது யார் என்ன சொல்வார்கள், எந்தப் பக்கம் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஒத்துக்கிட்டான்யா, வாயாலயே ஒத்துக்கிட்டான் என்பார்கள். யார் சொல்லிப் படுத்தான் என்பார்கள். லேஸ் அவிழ்ந்த ஷூவைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

அழைப்பவரின் சொற்களை மாற்றாமல் ஒரே வரியில் தட்ட வேண்டும் என்பது எங்கள் விதி. தட்டினேன்: "எழுந்திருக்க முடிந்தது. எழுந்திருக்கவில்லை." நான்காவது கட்டத்தில் ஒளி துடித்துக்கொண்டிருந்தது. என் அப்பாவைப் பற்றி நான் ஒரு வார்த்தை போட வேண்டும். நம்பலாமா, கவனமா. யோசித்தேன். யோசித்தேன் என்றுதான் நினைவு. "நம்பலாம்" என்று தட்டினேன்.

திரையில் அந்தப் பெட்டி பச்சையாக மாறியிருந்தது. எப்போது அழுத்தினேன் என்று தெரியவில்லை. விரல் பொத்தான் மேல் இருந்தது.

மணிக்குரல் தன் திரையைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி குனிந்து பார்த்தார். பிறகு கட்டைவிரலை உயர்த்தி, பல் முழுவதும் தெரியச் சிரித்தார். கோச் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தார். எனக்கு அரை நிமிடம் இருந்தது.

லைனுக்குள் போனேன். "அப்பா" என்றேன். "வேணாம்ப்பா. நான் லைன் கட் ஆயிடுச்சுன்னு சொல்லிடறேன். நீங்க வெச்சுடுங்க."

தண்ணீர் சொட்டியது. மூன்று சொட்டு.

"மேடம்" என்றார் அப்பா. "என் முறை வந்துடுச்சா?"

அதற்குள் மணிக்குரல் என்னிடமிருந்து லைனை எடுத்துவிட்டார்.

"நேயர்களே, இன்றைக்கு நம்மோடு இரண்டாவது லைனில் இருப்பவர் சாதாரண நேயர் அல்ல. அந்த மூன்றாவது எதிராளியே நம்மோடு இருக்கிறார். அவர் சொல்லியிருப்பதை அப்படியே வாசிக்கிறேன். எழுந்திருக்க முடிந்தது. எழுந்திருக்கவில்லை."

புள்ளிவிவரத்தின் கை காகிதக் கட்டின் மேல் விழுந்தது. காகிதங்கள் சரிந்தன. கோச் எழுந்தே விட்டார். காதில் மாட்டியிருந்த ஹெட்போனின் கம்பி அவரை இழுக்க, இழுபட்டுக்கொண்டே கண்ணாடியருகே வந்து, என்னைப் பார்த்து, வெட்டு, வெட்டு என்று கழுத்தின் குறுக்கே கையால் அறுத்துக் காட்டினார். கண்ணாடியைத் தட்டினார். சிவப்புப் பொத்தான் என் வலது கைக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. விரலை அதன் மேல் வைத்தேன். ஒன்று. பொத்தான் சில்லென்று இருந்தது. இரண்டு.

"வணக்கம் சார். ரேடியோவ அணைச்சுட்டேன்" என்றார் அப்பா.

"ஐயா, இது உங்கள் வார்த்தைதானா?"

நான்கு.

"என்னோடதுதான் சார். அங்க போன் எடுக்கற பொண்ணு ஒரு வார்த்த மாத்தாம எழுதியிருக்கு. நல்ல பொண்ணு."

ஐந்து. ஆறில் அழுத்திவிடலாம் என்றிருந்தேன். ஆறு வந்தது. கோச்சின் உள்ளங்கை கண்ணாடியில் வெள்ளையாகப் பதிந்திருந்தது. ஏழு. அதற்குப் பிறகும் விரலை எடுக்காமல் வைத்திருந்தேன். ஆனால் அந்த வரி வெளியே போய்விட்டது. சலவைக்கூடத்தில் ஞாயிறு முறை வேலையில் இருப்பவர்களுக்கு, அத்தையின் பக்கத்து வீட்டுக்கு, அம்மா துணி உலர்த்தும் இடத்துக்கு, எல்லா இடத்துக்கும்.

புள்ளிவிவரம் மேசை மேல் சாய்ந்து ஒலிவாங்கியைக் கிட்டத்தட்டக் கடித்தார். "யார் சொன்னாங்க? அத மட்டும் சொல்லுங்க. யார் உங்கள எழுந்திரிக்க வேணாம்னாங்க? இத்தன வருஷம் கழிச்சுப் பயப்பட என்ன இருக்கு?"

"யாரும் சொல்லல சார்."

"அப்ப எதுக்கு? பத்து செகண்டுல ஒரு மனுஷனுக்கு என்ன முடிவெடுக்க முடியும்? அடி வாங்கி மயக்கமாக் கெடந்திருக்கீங்க, இப்ப கௌரவத்துக்காக..."

"பத்து செகண்டுன்னா எவ்வளவு நேரம்னு தெரியுமா சார்?"

"என்ன?"

"கேக்கறேன். அங்க கீழேருந்து பாத்தா அது எவ்வளவு நேரம்னு. நடுவர் எண்ணறாப்புல எண்ணிக் காட்டவா? வேகமா எண்ண மாட்டேன். அவர் எப்படி எண்ணினாரோ அப்படி."

வானொலியில் இரண்டு நொடி மௌனம் வந்தாலே எங்களுக்கு உயிர் போய்விடும். எங்கோ ஏதோ அறுந்துவிட்டது என்று நேயர்கள் அடுத்த நிலையத்துக்குத் திருப்பிவிடுவார்கள். மணிக்குரல் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார். அப்பா அவர் சம்மதத்துக்குக் காத்திருக்கவில்லை.

"ஒண்ணு."

அந்தக் குரலை நான் கேட்டதில்லை. அது அவருடையதாகவும் இருந்தது, யாரோ குனிந்து நின்று அவரிடம் சொல்வதாகவும் இருந்தது. அடுத்தது வர நெடுநேரம் ஆனது. தண்ணீர் சொட்டுவது ஒலிபரப்பு அறைக்குள் தெளிவாகக் கேட்டது.

"ரெண்டு."

கோச் கண்ணாடியிலிருந்து கையை எடுத்தார். நாற்காலியைத் தேடி, பின்பக்கமாகவே நடந்து, உட்கார்ந்தார்.

"மூணு."

புள்ளிவிவரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அதைப் பார்ப்பதை நிறுத்தினார்.

நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் என்னால் அந்த அறைக்குள் பார்க்க முடியவில்லை. நாற்காலியைத் திருப்பிக்கொண்டேன். என் முதுகுப்பக்கம் ஒரு சிறிய ஜன்னல் உண்டு, வண்டிகள் நிறுத்தும் இடத்தைப் பார்த்தபடி. கீழே எங்கள் நிலையத்து வேனை அதன் ஓட்டுநர் கழுவிக்கொண்டிருந்தார். கதவுகளை அகலத் திறந்து வைத்திருந்தார். அந்த வேனில் எங்கள் அலைவரிசையைத் தவிர வேறெதையும் வைக்கக் கூடாது. மூன்று மாடி உயரத்துக்கு எனக்குச் சத்தம் எட்டாது. அவர் துணியை வாளியில் முக்கி, முன்பக்கக் கண்ணாடியில் பெரிய பெரிய வட்டமாகத் தேய்த்தார். ஏழு நொடி தாமதத்தில் அவருக்கு இன்னும் புள்ளிவிவரம்தான் பேசிக்கொண்டிருக்க வேண்டும். ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

"ஆறு" என்றார் அப்பா என் காதுக்குள். "ஏழு."

கீழே கை தேய்த்துக்கொண்டே இருந்தது.

"எட்டு."

வட்டம் பாதியில் நின்றது. ஓட்டுநர் தலையைத் திருப்பி, யாரோ தன்னைக் கூப்பிட்டது போல, வேனுக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஒம்போது."

அதற்குப் பிறகு அப்பாவின் மூச்சு மட்டும் வந்தது. குழாய்கூடச் சொட்டவில்லை. பத்து வரவில்லை. நானும் திரும்பவில்லை. கீழே ஓட்டுநர் ஈரத்துணியைக் கண்ணாடி மேல் பிடித்தபடி அசையாமல் நின்றிருந்தார். துணியிலிருந்து தண்ணீர் வழிந்து, வெள்ளைத் தகரத்தின் மேல் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது.